வரையாடு பார்க்க மதுரையிலிருந்து எந்த மலைக்குப் போவது?

ராஜமலை, வால்பாறை, கொடைக்கானல், மேகமலை, முக்குருத்தி. மதுரைக்காரர் ஒருவர் "மலையில் காட்டு விலங்கு பார்க்கணும்" என்று கிளம்பினால் பேச்சில் அடிபடும் பெயர்கள் இவைதான். எந்த ஊர் அழகு என்று கேட்டு முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் கொடைக்கானலில் போய் நிற்பார்கள். ஏரியைச் சுற்றுவார்கள், சாக்லேட் வாங்குவார்கள், வரையாட்டின் வால்கூடத் தெரியாமல் இறங்கி வருவார்கள். ஊரின் மேல் குற்றமில்லை. கேட்ட கேள்விதான் தப்பு. எந்த விலங்கு, எந்த மாதம், கையில் எத்தனை நாள் என்ற மூன்றையும் முதலில் தீர்த்துக்கொண்டால் ஊர் தானாக முடிவாகிவிடும்.

இங்கே வரையாட்டை மையமாக வைத்துப் பேசுவோம். தமிழ்நாட்டின் மாநில விலங்கு, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாதது, சங்க இலக்கியம் வருடை என்று சொல்வது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் கேரளமும் ஒரே சமயத்தில் நடத்திய கணக்கெடுப்பில் மொத்தம் 2,668 என்று வந்தது. தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365. கேரளத்துக் கணக்கில் பாதிக்கு மேல் இரவிகுளம் என்ற ஒரே தேசியப் பூங்காவில் இருக்கிறது. பேரில் ஆடு என்று இருந்தாலும் 2005-இல் வந்த மரபணு ஆய்வு இதைச் செம்மறிக்கு நெருங்கிய உறவு என்று காட்டியது. இமயமலையில் வாழும் தார் என்ற காட்டு விலங்கோடு சேர்த்து வைத்திருந்ததைப் பிரித்துத் தனிப் பேரினமாக்கியதும் அதன் பிறகுதான்.

கொடைக்கானலில் ஏன் காணோம் என்பதற்கும் காரணம் உண்டு. வரையாட்டுக்குக் காடு வேண்டாம், புல்வெளி வேண்டும். பக்கத்திலேயே செங்குத்துப் பாறையும் வேண்டும். சிறுத்தையோ செந்நாயோ வந்தால் பாறை முகத்தில் பாய்ந்து நிற்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே தற்காப்பு. பழனி மலையின் மேல்தளப் புல்வெளியில் பெரும்பகுதி சென்ற நூற்றாண்டில் சீகை (வாட்டில் மரம்), பைன், யூகலிப்டஸ் தோட்டமாகிவிட்டது. இன்று நாம் நின்று படமெடுக்கும் பைன் காடு ஒரு காலத்தில் புல்வெளி. மிச்சமிருக்கும் ஆடுகள் வெளிப்புறப் பாறைச் சரிவுகளில், சுற்றுலாப் பாதைக்கு எட்டாத இடத்தில் இருக்கின்றன. இரவிகுளம் தப்பியது வேறு கதை. கண்ணன் தேவன் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் அதைத் தங்கள் வேட்டைக்காக வைத்துக்கொண்டார்கள், அதனால் தேயிலை ஏறவில்லை. 1971-இல் கேரள அரசு சட்டம் போட்டுத் தோட்ட நிலங்களை எடுத்துக்கொண்டது. 1975-இல் சரணாலயம், 1978-இல் தேசியப் பூங்கா. 97 சதுர கிலோமீட்டர், உள்ளே 2,695 மீட்டர் உயர ஆனைமுடி.

ராஜமலை

இரவிகுளம் பூங்கா முழுக்க யாரையும் விடுவதில்லை. சுற்றுலாவுக்குத் திறந்திருப்பது ராஜமலை என்ற ஒரு மூலை மட்டும். மூணாறு டவுனிலிருந்து உடுமலைப்பேட்டை ரோட்டில் ஐந்தாம் மைல் என்ற இடத்தில் நுழைவாயில். சொந்த வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வனத்துறை பஸ் சுமார் 4 கிலோமீட்டர் தேயிலைச் சரிவு வழியாக ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடும். அதற்குப் பிறகு தார் போட்ட பாதையில் ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுக்கு ஏற்றமாக நடை. பாதையை விட்டு ஒரு அடி புல்லில் வைக்கக் கூடாது. பாதை முடியும் இடத்தில் திரும்பி நடந்து வந்து மறுபடி பஸ்.

"இவ்வளவுதானா?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. காட்டுக்குள் நடப்போம் என்று எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். ஆனால் வரையாட்டை ஐந்து மீட்டரில், வெறுங்கண்ணால், பாட்டி, பேரப்பிள்ளை எல்லோரும் சேர்ந்து பார்க்க இதைவிட உறுதியான இடம் கிடையாது. பல பத்தாண்டுகளாக மனிதரைப் பார்த்துப் பழகிய மந்தைகள் இவை. பாதைக் கைப்பிடிச் சுவர் ஓரமாகவே மேயும்.

பார்க்கும்போது எதைக் கவனிப்பது என்று தெரிந்தால் அந்த ஒன்றரைக் கிலோமீட்டர் நீளும். மந்தையில் பெரும்பாலும் பழுப்புச் சாம்பல் நிறப் பெண் ஆடுகளும் குட்டிகளும் இருக்கும். முதிர்ந்த கிடா தனி ரகம். உடல் கரும்பழுப்பு, முதுகில் சேணம் போட்டாற்போல வெள்ளிச் சாம்பல் திட்டு. கொம்பு இரு பாலுக்கும் உண்டு, பின்னோக்கி வளைந்திருக்கும், கிடாவுக்குத் தடிமன் அதிகம். வருஷத்தின் பெரும்பகுதி இந்தக் கிடாக்கள் பெண் மந்தையோடு சேராமல் தள்ளியே திரியும். இணைசேரும் காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, கொட்டும் மழையில். அப்போதுதான் சேணக் கிடாக்கள் மந்தைக்குள் வரும், கொம்பு மோதல் நடக்கும். சினைக்காலம் ஆறு மாதம் அளவு. ஜனவரி, பிப்ரவரியில் குட்டி, பெரும்பாலும் ஒன்றே ஒன்று.

ஆட்டைத் தேடிப் பழகாதவர்கள் கண் முன்னே இருப்பதையே தவறவிடுவார்கள். பாறையின் நிறமும் ஆட்டின் நிறமும் ஒன்று. சரிவில் உருவத்தைத் தேடாதீர்கள். விளிம்பைத் தேடுங்கள், அதாவது பாறை முடிந்து வானம் தொடங்கும் கோட்டை. அங்கே காவலுக்கு நிற்கும் ஒரு பெண் ஆடு எப்போதும் இருக்கும். சீட்டியடித்தாற்போல ஒரு ஒலி கேட்டால் அது எச்சரிக்கை. ஆடுகள் எல்லாம் ஒரே திசையில் தலையைத் தூக்கினால் நீங்களும் அந்தத் திசையைப் பாருங்கள். சில சமயம் பருந்து, சில சமயம் அதைவிடப் பெரிய சமாசாரம்.

புல்லில் வாலாட்டிக்கொண்டு ஓடும் கோடு போட்ட பழுப்புக் குருவி நீலகிரி நெட்டைக்காலி. அதுவும் இந்த உயரப் புல்வெளிகளுக்கே உரியது. வரையாட்டைப் படமெடுக்கும் கூட்டம் இதன் மேல் கால் வைக்காத குறையாகத் தாண்டிப் போகும்.

இனி நடைமுறை. பூங்கா குட்டி போடும் காலத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும், மூடப்படும். ஏப்ரல் தொடக்கத்தில் திறக்கும். திறக்கும் தேதியைக் குட்டிகளின் நிலையைப் பார்த்து வனத்துறை முடிவு செய்வதால் மார்ச் கடைசி வாரத்துக்குத் திட்டம் போட்டு ஓட்டலுக்கு முன்பணம் கட்டாதீர்கள். சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு குடும்பத்தோடு கிளம்புவது மதுரையில் பல வீடுகளின் வழக்கம். அந்த வாரத்தில் இரண்டு மூன்று மாதக் குட்டிகள் துள்ளுவதைப் பார்க்கலாம், அது ஏப்ரல்-மே மாதத்தின் பெரிய லாபம். நஷ்டம், கேரளத்துப் பள்ளிகளுக்கும் அப்போது விடுமுறை.

டிக்கெட்டை ஆன்லைனில் நேரம் குறித்து எடுங்கள். முதல் நேரத்தையே எடுங்கள். இதில் மதுரைக்காரர்கள் செய்யும் கணக்குப் பிழை ஒன்று உண்டு. மதுரையிலிருந்து தேனி, போடி, போடிமெட்டு, பூப்பாறை வழியாக மூணாறு 160 கிலோமீட்டருக்குப் பக்கம். மேப் நாலு மணி நேரம் என்று காட்டும். அதை நம்பி விடிகாலை 5 மணிக்குக் கிளம்பி 9 மணி டிக்கெட் எடுத்தால் தவறவிடுவீர்கள். போடி வரை சமவெளி, சரசரவென்று போய்விடும். போடிமெட்டு ஏறும்போது ஏலத்தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிப் போகும் ஜீப்புகள் வரிசையாக வரும், வளைவில் ஒதுங்கி ஒதுங்கித்தான் போக முடியும். பூப்பாறைக்கு மேலே பனிமூட்டம் இருந்தால் 20 கிலோமீட்டர் வேகம். மூணாறு டவுனைத் தாண்டவே விடுமுறை நாளில் முக்கால் மணி ஆகலாம். அதே நாளில் போய்ப் பார்ப்பதென்றால் 3 மணிக்குக் கிளம்பி 10 மணிக்கு மேல் உள்ள நேரத்தை எடுங்கள். இல்லையென்றால் முந்தின நாளே போய்த் தங்கிவிட்டு முதல் பஸ்ஸில் ஏறுங்கள். இரண்டாவதுதான் சரி. காலையில் மேகம் ஏறுவதற்கு முன்னால் கிடைக்கும் ஒரு மணி நேரம், பகலில் கிடைக்கும் மூன்று மணி நேரத்துக்குச் சமம்.

கார் இல்லாதவர்கள் ஆரப்பாளையத்தில் தேனி பஸ் பிடித்து, தேனியிலோ போடியிலோ மூணாறு பஸ் மாறலாம். 2023 ஜூனிலிருந்து போடி வரை ரயிலும் ஓடுகிறது. ஆனால் காலை ரயிலைப் பிடித்தால் போடியில் இறங்கும்போதே பொழுது ஏறிவிடும். தங்குபவர்களுக்கு மட்டும் அது ஒத்துவரும். வாடகைக் கார் என்றால் கேரள பர்மிட், வரி யார் பொறுப்பு என்பதை மதுரையிலேயே பேசி முடித்துவிடுங்கள். போடிமெட்டு செக்போஸ்டில் நின்று பேசுகிற விஷயமில்லை அது.

செலவுக் கணக்கு சுலபம். போக வர, உள்ளூர்ச் சுற்றும் சேர்த்து 350 கிலோமீட்டர். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தரும் காருக்கு மலையில் 11, 12 தான் வரும். 30 லிட்டர் என்று வையுங்கள், 3,000 ரூபாய்.

மழைக்காலத்தில் தேவிகுளத்துக்கு இந்தப் பக்கமுள்ள கேப் ரோட்டில் மண் சரியும். பாறையைக் குடைந்து அகலப்படுத்திய பகுதி அது, பெரிய சரிவுகள் பலமுறை நடந்திருக்கின்றன. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கிளம்புகிறவர்கள் முந்தின நாள் இரவே பாதை திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். மூடியிருந்தால் திண்டுக்கல், பழனி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாகப் போகலாம். சுற்றுதான், ஆனால் நேராக ஐந்தாம் மைலுக்கே வந்து சேரும், மூணாறு நெரிசலில் மாட்டவேண்டாம். சின்னாறு மழை மறைவுக் காடு, முள்ளும் புதருமாக மதுரைப் பக்கத்துக் கரடு போலவே இருக்கும். சாம்பல் நிற மலையணில் அங்கே உண்டு. அந்த ரோட்டில் யானை கடக்கும், இரவில் ஓட்டாதீர்கள்.

குறிஞ்சிப் பூவுக்காக ராஜமலை போக நினைப்பவர்களுக்கு ஒரு வரி: நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை. 2006, 2018, அடுத்து 2030. இடையில் "குறிஞ்சி பூத்திருக்கிறது" என்று யாராவது கூட்டிப் போனால் அது வேறு வகைக் குறிஞ்சி. குறிஞ்சியில் பல வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கணக்கு.

வால்பாறை மலைப்பாதை

டிக்கெட், வரிசை, பஸ் எதுவும் இல்லாமல் வரையாடு பார்க்க முடியுமா என்றால் முடியும். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறு அணையைத் தாண்டி ஏறத் தொடங்கியதும் ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்ற காட்சி முனை. அங்கிருந்து அட்டகட்டி வரையிலான பாறைச் சரிவுதான் வரையாட்டின் இடம். பொதுவாக 1,200 மீட்டருக்கு மேலே வாழும் விலங்கு, இங்கே அதற்கும் கீழே இறங்கி வந்து ரோட்டுத் தடுப்புச் சுவர் மேலேயே நிற்கிறது.

ராஜமலையில் பார்ப்பதும் இதுவும் ஒன்றல்ல. அங்கே புல்வெளியில் மேயும் மந்தை. இங்கே பாறையில் ஏறும் ஆடு. கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம் அறுத்த பாறைச் சுவரில், நமக்கு விரல் நுழைய இடமில்லாத விரிசலில் அது குளம்பு வைத்து ஏறுவதைப் பார்க்கலாம். குளம்பின் ஓரம் கடினம், நடு மெத்தென்று இருக்கும். அந்த மெத்தைதான் பாறையைக் கவ்வுகிறது. இதைப் பார்த்தவர்களுக்கு ராஜமலை கொஞ்சம் பூங்கா போலத்தான் தெரியும்.

ஆனால் உறுதி கிடையாது. காலை 7 மணிக்குள், அல்லது மாலை 4 மணிக்கு மேல் அந்த வளைவுகளில் இருந்தால் வாய்ப்பு நன்றாக இருக்கும். உச்சிவெயிலில் பாறை சூடேறியதும் ஆடுகள் நிழல் விளிம்புகளுக்குப் போய்ப் படுத்துவிடும். மதுரையிலிருந்து இந்த இடம் 200 கிலோமீட்டர் என்று வையுங்கள். காலை 7 மணிக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் பொள்ளாச்சியிலோ ஆழியாறிலோ முந்தின இரவு தங்க வேண்டும். ஒரே நாளில் போய் வருகிறேன் என்பவர் 11 மணிக்குப் போய்ச் சேர்ந்து, வெறும் பாறையையும் சிப்ஸ் பாக்கெட்டையும் பார்த்துவிட்டு வருவார்.

சிப்ஸ் என்றதும் சொல்லிவிட வேண்டியது. இங்கே ஆடு மனிதரைப் பார்த்து ஓடாமல் நிற்பதைச் சிலர் பாசம் என்று எடுத்துக்கொண்டு முறுக்கு, பிஸ்கட் நீட்டுகிறார்கள். உப்புக்குப் பழகிய ஆடு ரோட்டுக்கு வரும். ரோட்டுக்கு வந்த ஆடு வளைவில் லாரியில் அடிபடும். உணவு கொடுத்தால் அபராதமும் உண்டு. வண்டியை வளைவிலேயே நிறுத்தி இறங்குவது இன்னொரு ஆபத்து. கீழே வரும் பஸ்ஸுக்கு உங்கள் கார் தெரியாது. காட்சி முனையின் அகலமான இடத்தில் நிறுத்திவிட்டு ஓரமாக நடந்து வாருங்கள்.

வால்பாறைக்குப் போக வேறு காரணமும் இருக்கிறது. புதுத்தோட்டம் எஸ்டேட் பக்கம் சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு, கூட்டம் கூட்டமாக ரோட்டோரம் வரும். அது மரத்தை விட்டு இறங்காத விலங்கு. நடுவில் தேயிலை வந்து காடு துண்டு துண்டானதால் இறங்கக் கற்றுக்கொண்டது. ரோட்டில் அடிபடாமல் கடக்க மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் தொங்கு பாலங்களை அண்ணாந்து பாருங்கள், காலையில் அதில் குரங்குகள் போவதைப் பார்க்கலாம். இருவாச்சிப் பறவை, காட்டுமாடு, யானை எல்லாம் இருக்கும் ஊர். மாலை இருட்டிய பின் எஸ்டேட் ரோடுகளில் சுற்றாதீர்கள். வால்பாறைக்கும் இப்போது இ-பாஸ் (ஆன்லைன் நுழைவு அனுமதி) வந்துவிட்டது, கிளம்பும் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே இருக்கும் கிராஸ் ஹில்ஸ் தேசியப் பூங்காவில் வரையாடு நிறைய உண்டு, ஆனால் சுற்றுலாவுக்கு அனுமதி இல்லை. "தெரிந்தவர் மூலம் உள்ளே கூட்டிப் போகிறேன்" என்று யாராவது சொன்னால் அது சட்டவிரோத நுழைவு. மாட்டினால் வழக்கு உங்கள் பேரில்தான்.

முக்குருத்தி

உண்மையான உயரமலைப் பூங்கா என்றால் இதுதான். நீலகிரியின் மேற்கு விளிம்பில் 78 சதுர கிலோமீட்டர், 1990-இலிருந்து தேசியப் பூங்கா, மூக்கு போல வளைந்து நிற்கும் 2,554 மீட்டர் சிகரம். இங்கே பஸ் போகாது, கார் போகாது. தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் பார்சன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து முக்குருத்தி குடில் வரை ஒரு பாதை இருக்கிறது. ஆன்லைனில் பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் போக முடியும்.

யாருக்கு இது? திருப்பரங்குன்றத்தையோ யானைமலையையோ நிற்காமல் ஏறி இறங்கி, மறுநாள் முழங்கால் வலிக்காதவருக்கு. இங்குள்ள ஆடு மனிதருக்குப் பழகாதது. 200, 300 மீட்டர் தூரத்தில் எதிர்ச் சரிவில் புள்ளிகளாகத்தான் தெரியும். 8x42 பைனாகுலர் இல்லாமல் போனால் பழுப்புப் புள்ளிதான் மிச்சம். செல்போன் படத்துக்காகப் போகிறவர்கள் ராஜமலைக்கே போகட்டும். மதுரையிலிருந்து ஊட்டி போகவே ஒரு நாள், நீலகிரிக்கு இ-பாஸ், ஏறி இறங்க ஒரு நாள், திரும்ப ஒரு நாள். மூன்று நாள் இல்லாமல் நினைக்காதீர்கள். காட்டுத்தீக் காலமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை மலையேற்றப் பாதைகளை மூடுவார்கள். தேனிப் பக்கம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு இந்த விஷயத்தில் விளையாட்டே கிடையாது. காய்ந்த புல்லில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதன் சரிவில் ஏறி ஓட முடியாது.

கொடைக்கானலும் மேகமலையும்

கொடைக்கானல் கிட்ட இருக்கிறது, 120 கிலோமீட்டர், அதுதான் அதன் பலம். 2013-இல் இந்த மலையின் பெரும்பகுதி, சுமார் 609 சதுர கிலோமீட்டர், வன உயிரின சரணாலயமானது. வரையாட்டை மறந்துவிட்டுப் போனால் மனம் கோணாது. காட்டுமாடு ஊருக்குள்ளேயே பார்க்கலாம். பார்க்கலாம் என்ன, சில இரவுகளில் லாட்ஜ் வாசலில் நிற்கும். 800, 900 கிலோ எடை, மாடு போல முகம் வைத்துக்கொண்டு நிற்பதால் நம் ஊர் மாட்டை விரட்டுவது போல "ஹை" என்று கை வீசுபவர்கள் குத்து வாங்குகிறார்கள். தலையைத் தாழ்த்தி, பக்கவாட்டாகத் திரும்பி உடலைக் காட்டினால் எச்சரிக்கை. முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்கி சுவருக்கோ வண்டிக்கோ பின்னால் போய்விடுங்கள். முப்பது மீட்டர் இடைவெளி எப்போதும் வேண்டும்.

பறவை பார்ப்பவர்களுக்குத்தான் கொடைக்கானல் பொக்கிஷம். வட்டக்கானல் சோலை ஓரத்தில் காலை 6 மணிக்கு நின்றால் பழனிமலைச் சிரிப்பான் கூட்டமாகக் கத்திக்கொண்டு புதரில் புகும். இந்த மலைக்கும் இதை ஒட்டிய தெற்கு மலைகளுக்கும் மட்டுமே உரிய பறவை. பேரிஜம் ஏரிக்குப் போக வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும், நாளுக்கு இத்தனை வண்டி என்ற வரம்பு உண்டு, யானை நடமாட்டம் இருந்தால் முன்னறிவிப்பில்லாமல் மூடுவார்கள். 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். வார இறுதியில் வண்டி எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருப்பதால் சனிக்கிழமை காலை வத்தலக்குண்டில் டீ குடித்துக்கொண்டே இ-பாஸ் எடுக்க முயல்வது வீண் வேலை. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில் கையில் இருந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் எடுத்துப் போங்கள்.

மேகமலை, சின்னமனூரிலிருந்து 18 வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். உயரம் 1,500 மீட்டர் அளவு. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமானது, ஆயிரத்துப் பதினாறு சதுர கிலோமீட்டர். வரையாடு இங்கே பாறை முகடுகளில் உண்டு. ரோட்டிலிருந்து பார்ப்பது அதிர்ஷ்டம். இந்த மலைக்குப் போவது கருமந்திக்கும் (கறுப்புக் குரங்கு) சோலைமந்திக்கும் இருவாச்சிக்கும்தான். ஜனவரி முதல் மே வரை இருவாச்சி கூடு கட்டும் காலம். பெட்டை மரப்பொந்துக்குள் அடைந்திருக்கும், ஆண் பழம் கொண்டுபோய்ப் புகட்டும். எனவே பழுத்த ஆலோ அத்தியோ கண்ணில் பட்டால் அங்கேயே ஒரு மணி நேரம் நில்லுங்கள், அதன் சிறகோசை ரயில் வருவது போல முதலில் கேட்கும். மேலே தங்க அறைகள் கொஞ்சம்தான். பெட்ரோலைச் சின்னமனூரிலேயே நிரப்புங்கள். மாலையில் அணைக்கட்டு ஓரம் யானை இறங்கும், அந்த நேரத்தில் தேயிலைக்குள் இறங்கிப் படமெடுக்காதீர்கள்.

தேக்கடியைப் பற்றியும் பலர் கேட்பதால் சுருக்கமாக: அது உயரமலை அல்ல, 900 மீட்டர் அளவில் உள்ள ஏரிக்காடு. வைகைக்கு அந்த ஏரியிலிருந்தும் தண்ணீர் வருகிறது என்பதற்காக ஒருமுறை போய்ப் பார்க்கலாம். படகில் யானை, கடமான் பார்க்க ஏரி நீர் வற்றிய மார்ச்-மே நல்லது. நவம்பர் முதல் ஜனவரி வரை ஐயப்ப பக்தர் வண்டிகளால் கம்பம், குமுளி ரோடு ஒருவழிப் பாதையாகும், நேரக் கணக்கு எல்லாம் கெடும். வரையாட்டுக்காக அங்கே போக வேண்டாம்.

சரி, எதை எடுப்பது?

சிறு பிள்ளைகள், வயதானவர்கள், இரண்டு நாள், கண்டிப்பாக ஆட்டைப் பார்த்தே ஆகவேண்டும்: ராஜமலை, செப்டம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை எந்த வார நாளும். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வீடு என்றால் மே மாதம், திங்கள் முதல் வியாழனுக்குள். கூட்டம் பிடிக்காது, பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, பாறையில் ஏறுவதைப் பார்க்க வேண்டும்: வால்பாறை, ஆழியாறில் ஒரு இரவு. பிப்ரவரி, மார்ச்சில்தான் லீவு கிடைக்கும் என்பவர்களுக்கு ராஜமலை மூடியிருக்கும், மலையேற்றப் பாதையும் மூடியிருக்கும். அவர்களுக்கு வால்பாறை ரோடு ஒன்றுதான் வழி, அதில் குழப்பமே இல்லை. சேணக் கிடாக்கள் மோதுவதைப் பார்க்க ஜூலையில் ராஜமலைக்குப் போகிறவர்கள் நாலு நாள் கையில் வைத்துக்கொண்டு போங்கள். அதில் மூன்று நாள் மேகத்துக்குள் நிற்க நேரிடலாம், மேகம் பிரியும் பத்து நிமிடத்துக்குத்தான் அந்தக் காத்திருப்பு.

எல்லா ஊருக்கும் பொதுவாகச் சில. ஏறும் முன் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். முந்தின இரவு பரோட்டா, சால்னா, விடிகாலை வளைவு என்றால் பின் சீட்டில் நடப்பதை எழுத வேண்டியதில்லை. இரண்டு இட்லி போதும். டிசம்பர், ஜனவரியில் மூணாறில் காலை வெப்பம் பூஜ்யத்துக்குப் பக்கம் போகும். மதுரை ஸ்வெட்டர் போதாது, காற்று புகாத ஜெர்கினும் குரங்குக் குல்லாவும் வேண்டும். மழைக்காலத்தில் சோலை ஓரங்களில் அட்டை ஏறும். சாக்ஸை பேன்ட் மேல் இழுத்துவிட்டு, சாக்ஸில் உப்பையோ புகையிலைத் தூளையோ தேய்த்துக்கொள்ளுங்கள். கடித்த அட்டையைப் பிய்த்து எடுக்காதீர்கள், நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பி விடுவியுங்கள்.

இறங்கும்போது இரண்டாவது கியரில் வாருங்கள். போடிமெட்டிலோ ஆழியாறு வளைவிலோ பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அடிவாரம் வருவதற்குள் பிரேக் சூடேறி, கருகிய நாற்றம் வரும், மிதித்தாலும் பிடிக்காது. நாற்றம் வந்தால் ஓரங்கட்டி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்காதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும்.